கறுப்பு பெல்ட்டுக்குக் கடன்படும் முதுநகர்

ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய். அதை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்ட முடியாது. சிங்காரத்தோப்பிலும் அக்கரைக்கோரியிலும் சோனாங்குப்பத்திலும் அடகுக்கடைக்கு நடை கூடுகிற காலம் அது. பள்ளிக்கூடங்களின் கோடை விடுமுறையும் அப்போதுதான். கராத்தே, டேக்வாண்டோ, சிலம்பம் வகுப்புகளிலிருந்து பிள்ளைகளை வெளிநாட்டு முகாமுக்கு அழைத்துப் போவதும் பெரும்பாலும் அந்த விடுமுறையில்தான். கையில் காசே இல்லாத மாதத்தில், அந்த ஆண்டின் மிகப் பெரிய செலவு வீட்டு வாசலில் வந்து நிற்கிறது.

அழைப்பு வாட்ஸ்அப்பில் வருகிறது. மலேசியாவிலோ இலங்கையிலோ நேபாளத்திலோ சர்வதேசப் பயிற்சி முகாம். கடைசி நாளில் பிளாக் பெல்ட் கிரேடிங். கூடவே ஒரு சாம்பியன்ஷிப். விமான டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு, தேர்வுக் கட்டணம், பெல்ட், முதுகில் இந்தியா என்று எழுதிய டிராக் சூட், சான்றிதழ் எல்லாம் சேர்த்து ஒரு தொகை. எழுபதாயிரம் என்கிறார்கள், எண்பதாயிரம் என்கிறார்கள், லட்சத்தைத் தாண்டியது என்று சொல்கிறவர்களும் உண்டு. இன்ன தேதிக்குள் பாதிப் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் வாய்ப்பு வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

முதுநகரில் மீன் விற்கும் ஒரு தாய், தன் மகளுடைய சான்றிதழ்களை ஒரு பிளாஸ்டிக் கோப்பில் போட்டு வைத்திருக்கிறார். ஆறாம் வகுப்பிலிருந்து பயிற்சிக்குப் போன பெண். பிளஸ் ஒன் விடுமுறையில் வெளிநாடு போய் கறுப்பு பெல்ட்டும் ஒரு பதக்கமும் வாங்கி வந்தாள். ஊரே பேனர் வைத்தது. “இந்தியாவுக்காக ஆடிட்டு வந்துட்டா, இனிமே காலேஜ்ல எடம், வேலையில எடம்னு சொன்னாங்க சார். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்குக் கொண்டுபோனா, இந்தக் காயிதம் எதுவும் கணக்குல வராதும்மான்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. தாலிக் குண்டு இன்னும் அடகுலதான் கெடக்கு” என்றார். யார் பெயரையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மகள் இன்னும் அதே மாஸ்டரிடம்தான் பயிற்சி எடுக்கிறாள்.

சிதம்பரத்தில் ஆட்டோ ஓட்டும் ஒரு தகப்பனார் சொன்ன கதையும் இதே போலத்தான். அவருடைய மகன் போனது நேபாளத்துக்கு. அங்கே போக இந்தியர்களுக்கு விசா வேண்டாம், செலவும் குறைவு. அதனால் சர்வதேசம் என்ற பெயரில் மிக எளிதாக நடத்தக்கூடிய பயணம் அது. பையன் வெள்ளிப் பதக்கத்தோடு வந்தான். அவனுடைய எடைப் பிரிவில் எத்தனை பேர் மோதினார்கள் என்று கேட்டேன். தகப்பனாருக்குத் தெரியவில்லை. பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

இந்தப் பிள்ளைகளின் உழைப்பை நான் ஒரு துளியும் குறைத்துச் சொல்லவில்லை. விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சின் மணலில் குதிரை நிலையில் கால் நடுங்க நிற்கிற பிள்ளைகள் அவர்கள். குப்பத்துப் பெண் பிள்ளைகள் இத்தனை பேர் கையை முஷ்டியாக்கி நிற்பதைப் போன தலைமுறையில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த உழைப்புக்குக் கிடைக்கிற தாளுக்கு எந்த இடத்தில் மதிப்பு உண்டு, எந்த இடத்தில் இல்லை என்று பணம் கட்டுவதற்கு முன்பு சொல்ல ஆளில்லை. அதைத்தான் குறையாகச் சொல்கிறேன்.

விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மத்திய அரசின் குரூப் சி பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கான நியமனத்தில் 2020 வரை 43 விளையாட்டுகள் இருந்தன. அந்த ஆண்டு 63 ஆக உயர்த்தினார்கள். கராத்தே, ஜூடோ, டேக்வாண்டோ மூன்றும் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் யார் கையெழுத்திட்ட சான்றிதழ் செல்லும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. சர்வதேசப் போட்டியில் நாட்டுக்காக ஆடியவர் என்றால் அந்த விளையாட்டின் தேசியக் கூட்டமைப்புச் செயலாளர் கையெழுத்திட வேண்டும். தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியவர் என்றால் தேசியக் கூட்டமைப்பின் அல்லது மாநிலச் சங்கத்தின் செயலாளர். பல்கலைக்கழகப் போட்டிக்கும் பள்ளிப் போட்டிக்கும் அப்படியே தனித்தனி அதிகாரிகள். பெல்ட்டுக்கு அந்த விதியில் இடமே இல்லை. கறுப்பு பெல்ட்டின் ‘டான்’ தரத்தில் முதல் டானோ மூன்றாம் டானோ, ஜப்பானில் வாங்கியதோ கடலூரில் வாங்கியதோ, தரவரிசைத் தேர்வு போட்டி ஆகாது. அது அந்தக் கலையின் உள்மதிப்பு. வேலைக்கான படிவத்தில் அதை எழுதக் கட்டம் கிடையாது.

மாநில அரசிலும் அடிப்படை இதுதான். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீடு 2 சதவீதமாக இருந்து 3 சதவீதமாக உயர்ந்தது. 2021-இல் சிலம்பமும் அந்த ஒதுக்கீட்டுக்குள் சேர்க்கப்பட்டது. பொறியியல் கலந்தாய்விலும் விளையாட்டு வீரர்களுக்குத் தனி இடங்கள் உண்டு. எல்லா இடத்திலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: எந்தப் போட்டி, யார் நடத்தியது, அவர்களுக்கு யார் அங்கீகாரம் கொடுத்தது? ‘சர்வதேசம்’ என்று பேனரில் எழுத யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. நான்கு நாட்டிலிருந்து நான்கு பயிற்சிப் பள்ளிகள் சேர்ந்து ஒரு அரங்கை வாடகைக்கு எடுத்தால் அதுவும் சர்வதேசப் போட்டிதான். நாட்டின் அணியாகப் போகிறவர்கள் மாவட்டத் தேர்வு, மாநிலப் போட்டி, தேசியப் போட்டி, தேர்வு முகாம் என்று ஏணியின் ஒவ்வொரு படியிலும் ஏறிப் போகிறார்கள். மாவட்டத் தேர்வே நடக்காமல் ஒரு பிள்ளை நேராக இந்திய அணிக்கு வந்துவிட்டால், அந்த இந்திய அணி எது என்று கேட்க வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

எந்தக் கூட்டமைப்பு அங்கீகாரம் பெற்றது என்று கேட்டாலும் சாமானியருக்கு விடை கிடைப்பது சுலபமில்லை. கராத்தேயையே எடுத்துக்கொள்ளுங்கள். உலக கராத்தே கூட்டமைப்பை சர்வதேச ஒலிம்பிக் குழு 1999-இல் அங்கீகரித்தது. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே முதல்முறையாக இடம்பெற்றது, பாரிஸில் இல்லை. இந்தியாவில் அந்த உலகக் கூட்டமைப்போடு இணைந்திருந்த இந்திய கராத்தே சங்கத்தின் அங்கீகாரம் 2020-இல் நிறுத்தி வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு வேறு பெயரில் வேறு அமைப்பு வந்தது. டேக்வாண்டோவிலும் ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் உரிமை கொண்டாடி வழக்காடியிருக்கின்றன. டெல்லியில் நாற்காலிக்காக நடக்கும் சண்டையில் முதுநகர் மாணவியின் சான்றிதழ் ஒரே இரவில் செல்லாததாகிவிடலாம். மத்திய விளையாட்டு அமைச்சகம் அங்கீகாரம் பெற்ற கூட்டமைப்புகளின் பட்டியலை வெளியிடுகிறது. அது ஆங்கிலத்தில், இணையத்தில் இருக்கிறது. மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறவர் அதைத் தேடிப் படித்துவிட்டுப் பணம் கட்டுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பெல்ட்டின் வரலாறு பெற்றோருக்குத் தெரிந்திருந்தால் பாதி மயக்கம் தீரும். ஜப்பானில் 1882-இல் கோடோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, அடுத்த ஆண்டே தன் மாணவர்களுக்கு டான் என்ற தரவரிசையைக் கொடுக்க ஆரம்பித்தார். மாணவன் எந்தக் கட்டத்தில் இருக்கிறான் என்று ஆசிரியருக்கும் மற்ற மாணவருக்கும் தெரிய வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. ஒக்கினாவாவிலிருந்து டோக்கியோவுக்குக் கராத்தேயைக் கொண்டுபோன கிச்சின் ஃபுனகோஷி அதைப் பின்பற்றி 1924-இல்தான் முதல் கறுப்பு பெல்ட்டுகளை வழங்கினார். அதாவது கராத்தேயில் கறுப்பு பெல்ட்டுக்கு வயது நூறாண்டு சொச்சம். எந்த நாட்டு அரசும் தரும் பட்டம் அல்ல அது. ஷோடோகான், கோஜூரியு, ஷிட்டோரியு, வாடோரியு என்று ஒவ்வொரு பாணிக்கும் தனித் தலைமையகங்கள். ஒரே பாணிக்குள்ளேயே பல அமைப்புகள். ஒருவர் கொடுத்த டானை இன்னொருவர் ஏற்க வேண்டிய கட்டாயமில்லை.

டேக்வாண்டோவில் நிலைமை கொஞ்சம் தெளிவு. சியோலில் 1972-இல் திறக்கப்பட்ட குக்கிவோன்தான் உலகம் முழுக்க ஏற்கப்படும் டான் சான்றிதழைத் தருகிறது. 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு டான் கிடையாது. பூம் என்ற சிறார் தரம்தான், அதற்கான பெல்ட்டும் பாதி சிவப்பு பாதி கறுப்பு. முதல் டானிலிருந்து இரண்டாவதற்குப் போகக் குறைந்தது ஓராண்டு, இரண்டிலிருந்து மூன்றாவதற்கு 2 ஆண்டு இடைவெளி வேண்டும். இவ்வளவு கறாரான அமைப்பும்கூட முதல் டானுக்கு மாணவன் சியோலுக்கு வர வேண்டும் என்று கேட்பதில்லை. தகுதி பெற்ற உயர்நிலை மாஸ்டர் இங்கேயே தேர்வு நடத்தி, பரிந்துரைத்து, கட்டணம் கட்டினால் சான்றிதழ் வீட்டுக்கு வரும். கராத்தேயின் பெரிய தலைமையகங்களும் தங்கள் தேர்வாளர்களை நாடு நாடாக அனுப்புகின்றன. முதல் கறுப்பு பெல்ட்டுக்காகப் பதினைந்து வயதுப் பிள்ளை கடல் தாண்ட வேண்டும் என்று எந்த மரபும் சொல்லவில்லை.

வெளிநாட்டு முகாமே வீண் என்று யாரும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல முகாம் ஒன்றில் ஒரு வாரம் இருப்பது, உள்ளூரில் ஓராண்டு எடுக்கும் பயிற்சிக்குச் சமமாகிவிடுவதுண்டு. ஒக்கினாவாவில் எழுபது வயதைத் தாண்டிய ஆசிரியர்கள் இன்னும் தரையில் இறங்கிச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அங்கே 2017-இல் கராத்தேக்கென்றே பெரிய அரங்கமும் அருங்காட்சியகமும் சேர்ந்த ஒரு கட்டடத்தைத் திறந்தார்கள். உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். அங்கே ‘கட்டா’ எனப்படும் அசைவுத் தொடர் ஒன்றையே நாள் முழுக்கச் செய்ய வைப்பார்கள். இடுப்பு அரை அங்குலம் திரும்பினால் குத்தின் வேகம் எப்படி மாறுகிறது என்று கையைப் பிடித்துக் காட்டுவார்கள். பக்கத்தில் நிற்பவன் பிரேசில்காரன், எதிரே நிற்பவள் ஜெர்மன்காரி; மொழி தெரியாமலே வணங்கி, மோதி, மறுபடி வணங்கிப் பிரிகிறார்கள். தேர்வில் தோற்கவும் செய்வார்கள். ‘அடுத்த ஆண்டு வா’ என்று சொல்லி அனுப்புவது அந்தப் பள்ளிகளில் சாதாரணம். பணம் கட்டிப் போன அத்தனை பேரும் தேறி வருகிற முகாம் எது என்று பாருங்கள். அது எப்படிப்பட்ட தேர்வு என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

சிலம்பத்தின் நிலை இன்னும் வருத்தம் தருவது. சலாம் வரிசையில் தொடங்கி ஒற்றைக் கம்பு, இரட்டைக் கம்பு, மான் கொம்பு, சுருள் வாள் என்று படிப்படியாக ஏறும் நம் கலை இது. வாத்தியார் பார்த்து, ‘இனி நீ அடுத்த பாடம் எடுக்கலாம்’ என்று சொல்வதுதான் காலங்காலமாகத் தேர்வு. தோட்டத் தொழிலாளர்களாகப் போன நம் மக்கள் மலேசியாவுக்கும் இதைக் கொண்டுபோய் இன்றுவரை காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அங்கே இருக்கும் ஆசான்களோடு நம் பிள்ளைகள் கம்பு சுற்றுவது அருமையான விஷயம். ஆனால் இப்போது சிலம்பத்துக்கும் கலர் கலராக பெல்ட் வந்துவிட்டது. அந்த பெல்ட்டை வாங்க வெளிநாடு போகச் சொல்கிறார்கள். கடலூர் மண்ணில் தலைமுறை தலைமுறையாக ஆடுகிற கலைக்குக் கடலூர்ப் பிள்ளை கோலாலம்பூரில் போய்ச் சான்று வாங்க வேண்டுமா? 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. முதலமைச்சர் கோப்பையிலும் சிலம்பம் இருக்கிறது. மாவட்டத்தில் வென்று மாநிலப் போட்டியில் முதலிடம் பிடித்தால் தனிநபர் பிரிவில் 1 லட்சம் ரூபாய் பரிசு. நகையை அடகு வைக்காமல், வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வந்து வெல்லக்கூடிய பரிசு. இதைப் பற்றி வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளை, வெளிநாட்டு முகாம் பற்றி வரும் செய்திகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாஸ்டர்கள் எல்லோரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம். முதுநகரிலும் சிதம்பரத்திலும் மாதம் முந்நூறு, ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, கட்ட முடியாத பிள்ளைகளிடம் அதையும் வாங்காமல் சொல்லிக் கொடுக்கிறவர்களை எனக்குத் தெரியும். பகலில் வேறு வேலை, காலையும் மாலையும் வகுப்பு. பள்ளி மைதானம், கல்யாண மண்டபம், மொட்டை மாடி, எது கிடைக்கிறதோ அங்கே. அரசுப் பள்ளி மாணவிகளுக்கான தற்காப்புப் பயிற்சித் திட்டத்தில் இவர்களில் சிலருக்கு வேலை கிடைக்கிறது. ஆனால் ஒரு பள்ளிக்கு ஆண்டில் மூன்று மாதம்தான். அதற்கான மதிப்பூதியமும் மாதத்துக்கு 5,000 ரூபாய் என்ற அளவில்தான். மீதி ஒன்பது மாதம் அவர் எப்படி வாழ்வார்? மாதக் கட்டணத்தில் வாழ முடியாதவர் தேர்வுக் கட்டணத்தில் வாழப் பார்க்கிறார். மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட் வருவதும், பெல்ட்டின் நிறங்கள் கூடிக்கொண்டே போவதும், கடைசியில் வெளிநாட்டுப் பயணம் வருவதும் அந்த நெருக்கடியிலிருந்து பிறக்கின்றன. மேலே இருந்து தலைக்கு இத்தனை பேர் அனுப்ப வேண்டும் என்று அழுத்தம் வருவதாகவும், அனுப்பாவிட்டால் தன் சொந்தப் பதவி உயர்வு நின்றுவிடும் என்றும் ஒரு இளம் பயிற்சியாளர் சொன்னார். அவரும் ஏழை மீனவர் மகன்தான்.

பணத்தைவிடப் பெரிய கவலை ஒன்றும் இருக்கிறது. போகிறவர்கள் சிறுவர், சிறுமியர். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு பாஸ்போர்ட் எடுக்கப் பெற்றோர் இருவரும் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அந்த அளவுக்கு அரசு கவனமாக இருக்கிறது. பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு அந்தக் கவனம் நின்றுவிடுகிறது. மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா கேட்பதில்லை. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது. எனவே ஒரு மாஸ்டர் இருபது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புறப்பட்டுவிட முடிகிறது. பெண் பிள்ளைகளோடு பெண் பொறுப்பாளர் போகிறாரா? எந்த விடுதியில் தங்குகிறார்கள்? சண்டைப் பயிற்சியில் கை முறிந்தால் அங்கே மருத்துவமனைச் செலவுக்குக் காப்பீடு இருக்கிறதா? பாஸ்போர்ட்டுகள் யார் கையில்? இந்த விவரங்கள் எழுத்தில் எந்தப் பள்ளியிலும் இல்லை, எந்த அலுவலகத்திலும் இல்லை. நான் பேசிய பெற்றோரில் பலர் விடுதியின் பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை. நம்பிக்கையில் அனுப்பினார்கள். பிள்ளைகள் நல்லபடியாகத் திரும்பி வந்தார்கள். ஒரு நாள் அப்படித் திரும்பாமல் போனால் அன்றைக்கு நாம் யாரைக் கேட்போம்?

மாவட்ட நிர்வாகம் செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. மஞ்சக்குப்பம் பக்கம் அண்ணா விளையாட்டரங்கில் இருக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலகம், அங்கீகாரம் பெற்ற கூட்டமைப்புகள், அவற்றின் மாநில, மாவட்டச் சங்கங்கள், எந்தச் சான்றிதழ் எந்த ஒதுக்கீட்டுக்குச் செல்லும் என்ற விவரம் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்ட வேண்டும். கல்வி ஆண்டு முடிவதற்கு முன்பு, மார்ச்சிலேயே செய்தால்தான் பலன். முதன்மைக் கல்வி அலுவலர் ஒரு சுற்றறிக்கை விடட்டும்: மாணவர்களை வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்வதாக யார் சொன்னாலும், அழைப்புக் கடிதம், நடத்தும் அமைப்பின் அங்கீகாரம், செலவு விவரம், தங்குமிடம், காப்பீடு, உடன் செல்லும் பெண் பொறுப்பாளர் பெயர் ஆகியவற்றை விளையாட்டு அலுவலரிடம் முன்கூட்டியே தாக்கல் செய்ய வேண்டும், அந்த ரசீது இல்லாமல் பள்ளி வளாகத்தில் பணம் வசூலிக்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் அதன் நகல் போக வேண்டும். பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறவர்கள் தங்கள் பெயரையும் தகுதியையும் அந்த அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளும் முறையும் வேண்டும். நேர்மையான மாஸ்டர்கள் இதை வரவேற்பார்கள். போலிகளால் முதலில் கெடுவது அவர்கள் பெயர்தான்.

தேர்வை இங்கே கொண்டு வருவதுதான் நிலையான தீர்வு. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1929-இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்விக்கென்று தனித் துறையே இருக்கிறது. 2013 முதல் அரசின் பொறுப்பில் இருக்கிறது. கோடை விடுமுறையில் அதன் மைதானங்களும் விடுதிகளும் பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கும். முறையான அங்கீகாரமுள்ள கூட்டமைப்புகளின் தேர்வாளர்களை அங்கே வரவழைத்து, ஆண்டுக்கு ஒரு முறை பத்து நாள் முகாமும் தரவரிசைத் தேர்வும் நடத்தினால் என்ன? ஒரு தேர்வாளர் வந்து போகும் செலவு, நாற்பது குடும்பங்கள் விமானம் ஏறும் செலவில் சிறு பங்குகூட ஆகாது. கடலூர், விழுப்புரம், மயிலாடுதுறை மாவட்டப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து தேர்வை முடித்துவிட்டுப் போவார்கள். பெற்றோர் எதிரிலேயே தேர்வு நடக்கும். காயம் பட்டால் பக்கத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. உடற்கல்வித் துறை மாணவர்களுக்கும் இதனால் கற்க எவ்வளவோ இருக்கும்.

முதுநகருக்கு ஒரு பயிற்சிக் கூடம் வேண்டும். சட்டமன்றத் தொகுதிக்கு ஒன்று என்ற கணக்கில் 3 கோடி ரூபாய்ச் செலவில் சிறு விளையாட்டரங்கங்கள் அமைப்பதாக அரசு அறிவித்திருக்கிறது. அந்தத் திட்டத்திலோ, 2021-இல் மாநகராட்சியான கடலூரின் சொந்த நிதியிலோ, பாய் விரித்த ஒரு கூடத்தை முதுநகர்ப் பகுதியில் கட்டலாம். சிமெண்டுத் தரையில் விழுந்து எழுந்து முழங்கால் தேயும் பிள்ளைகளுக்கு அந்தப் பாய்தான் முதல் தேவை. காலையும் மாலையும் பதிவு பெற்ற மாஸ்டர்களுக்கு முறை வைத்துக் கொடுத்தால் அவர்களுக்கு வாடகை மிச்சம். அந்த மிச்சம் பிள்ளைகளின் கட்டணத்தில் தெரியும். அரசுப் பள்ளித் தற்காப்புப் பயிற்சியை மூன்று மாதத்திலிருந்து கல்வி ஆண்டு முழுமைக்கும் நீட்டித்து, ஊதியத்தையும் மனிதர் வாழும் அளவுக்கு உயர்த்த வேண்டும்.

உண்மையாகவே நாட்டுக்காகத் தேர்வாகிற பிள்ளையின் கதி தனி. கராத்தே போன்ற விளையாட்டுகளில், முறையாகத் தேர்வான வீரர்களே சொந்தச் செலவில் போக வேண்டிய நிலை இன்னும் இருக்கிறது. அதற்காகத்தான் 2023 மே மாதம் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையை அரசு தொடங்கியது. வெளிநாட்டுப் போட்டிக்கான பயணம், உபகரணம், பயிற்சி ஆகியவற்றுக்கு அதில் உதவி கேட்கலாம். விண்ணப்பம் இணையத்தில். முதுநகர் மீனவர் குடும்பங்களில் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர் ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. விளையாட்டு அலுவலகம் மாதத்தில் ஒரு நாள் முதுநகரிலும் ஒரு நாள் சிதம்பரத்திலும் உட்கார்ந்து இந்த விண்ணப்பங்களை எழுதிக் கொடுத்தால், உரியவருக்கு உரிய பணம் போய்ச் சேரும்.

மத்திய அரசு 2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டத்தை இயற்றியிருக்கிறது. கூட்டமைப்புகளுக்கு அங்கீகாரம் தரத் தேசிய விளையாட்டு வாரியமும், தகராறுகளைத் தீர்க்கத் தனித் தீர்ப்பாயமும் அதில் உண்டு. டெல்லியில் வாரியம் அமைவது நல்லதுதான். ஆனால் அங்கே எடுக்கும் முடிவு துறைமுகத்தின் ஏலக்கூடம் வரை வந்து சேரும் வழியை மாவட்ட ஆட்சியர்தான் போட வேண்டும். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் இந்தக் கோரிக்கைகளை மனுவாகக் கொடுக்கப் பெற்றோர் சிலர் கூடிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். விளையாட்டு அலுவலரையும் கல்வி அலுவலரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தப் பெற்றோர் சொல்வதை ஆட்சியர் கேட்க வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் வேண்டுகோள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்தப் போட்டிக்கு மாவட்டத் தேர்வு எங்கே நடந்தது, நடத்துகிறவருக்கு அங்கீகாரம் கொடுத்தது யார், இந்தச் சான்றிதழ் எந்த ஒதுக்கீட்டில் செல்லும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் தராதீர்கள். ஏற்கெனவே பணம் கட்டி, சொன்னது கிடைக்காமல் ஏமாந்தவர்கள் கடலூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. நடத்தியவரின் அலுவலகம் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 1915 என்ற எண்ணுக்கு இலவசமாக போன் செய்து வழி கேட்கலாம். பாதிப்பு நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.